கை கொடுக்கலாகாது

நான் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணிக்குச் சற்று முன்பு. தேயிலைச் சக்கையைச் செடிக்குப் போடுவதற்காகச் சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு இறங்கினேன். அங்கே இருப்பது ஒரே ஒரு படி. முன்னிரவு மழையில் நனைந்திருந்த அதன்மேல் கால் வழுக்கியது.

முப்பத்தோராண்டுகளாக நான் பிறருக்கு விழக் கற்றுக்கொடுத்து வந்தவன். ஜூடோவில் முதற்பாடமே அதுதான். மோவாயை மார்போடு ஒட்டி இடைக்கச்சையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். உடல் தரையைத் தொடுவதற்கு இமைப்பொழுது முன்னதாக உள்ளங்கையும் முன்கையும் தரையை அறைய வேண்டும். விழுகிற உடலைத் தாங்கக் கையை ஊன்றுவதுதான் பெரும்பிழை. மணிக்கட்டு முறியும், அல்லது உடல் திருகி இடுப்பு அடிபடும். இதை எத்தனை ஆயிரம் முறை கத்தியிருப்பேன் என்று சொல்ல முடியாது. அன்று நான் கையை ஊன்றினேன். உடல் திருகிற்று. வலப்பக்கத்து இடுப்பு படியின் விளிம்பில் மோதியது.

எழ முடியவில்லை. எங்கள் வீடு மொரப்பூர் இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. எந்த வண்டி எந்நேரத்தில் கடக்கும் என்பது அவ்வூர்க்காரர் எவருக்கும் தெரியும். கடிகாரமின்றியே நான் கிடந்த நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கூடத்து மேசைமீது கைப்பேசி ஒலித்தது. ஓசூரிலிருந்து என் மகள் ஞாயிறுதோறும் அழைக்கும் நேரம். விட்டு விட்டு நான்கு முறை அழைத்து ஓய்ந்தாள். பத்து மணியளவில் துணி துவைக்கும் கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவாறு எழுந்து, சுவரைத் தடவியபடி கூடத்துக்குப் போய், அவளை நானே அழைத்தேன்.

“எங்கப்பா போனீங்க?”

“கோயிலுக்கு” என்றேன்.

அந்தப் பொய்க்குக் காரணம் உண்டு. நான்காண்டுகளுக்கு முன்பு என் மனைவி இறந்தபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகள் என்னைத் தன்னுடன் வரும்படி அழைத்தாள். நான் மறுத்தேன். நீண்ட வழக்காடலுக்குப் பின் அவள் ஒரு நிபந்தனையின் பேரில் விட்டுக்கொடுத்தாள்.

“சண்ட போடலப்பா நானு. இங்கயே இருங்க. ஆனா ஒரே ஒரு வாட்டி வூட்ல விழுந்தீங்கன்னு என் காதுக்கு வந்துச்சு, மக்யா நாளே பூட்டிட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்ப எதுத்துப் பேசக் கூடாது.”

“விழுவதைப் பற்றி என்னிடமா பேசுகிறாய்?”

“நீங்க நல்லாத்தான் விழுவீங்க. எந்திரிக்கறத யாரு பாக்கறது?”

சரி என்று ஒப்புக்கொண்டேன். கொடுத்த சொல்லை மீறியவன் என்ற பெயர் எனக்கு அதுவரை இல்லை.

அவ்வீட்டின்மீது எனக்குப் பெரும்பற்று ஒன்றும் கிடையாது. கூரையில் நீர் கசியும். இரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிச் சன்னல்கள் நடுங்கும். ஆயினும் அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் புளி வணிகர் ஒருவரின் பழைய கிடங்கு இருக்கிறது. அதன் பாதியில்தான் என் வகுப்பு நடந்தது. காலை ஐந்து மணி முதல் ஆறரை வரை, இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். பாய்களில் எப்போதும் புளிவாடை அடிக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நான் மனிதர்களோடு பேசினேன். எஞ்சிய பொழுதில் பேசுவதற்கு ஆளில்லை. பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஒரு நாள் முழுவதும் ஒரு சொல்லும் வாய்திறந்து சொல்லாமல் இருப்பது எப்படி என்று அந்த நான்காண்டுகளில் கற்றுக்கொண்டிருந்தேன். வகுப்பும் போய்விட்டால் எனக்கு எதுவும் மிஞ்சாது. ஆகையால் விழுந்ததை மறைத்தேன்.

அரூரில் ஒரு மருத்துவரிடம் தனியே பேருந்தில் போய் வந்தேன். எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது என்றார். ஆறு வாரம் குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்றார். வகுப்பில் செய்துகாட்டும் வேலையை மூத்த மாணவர்களிடம் விட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்து வாயால் மட்டும் திருத்தினேன். “ஐயா இப்பல்லாம் வாயாலயே தூக்கிப் போடறாருடா” என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

அந்த ஆறு வாரத்தில் இரண்டாவது வாரம், படையில் அவில்தாராகப் பணிபுரியும் என் பழைய மாணவன் ஒருவன், விடுப்பில் ஊருக்கு வந்தவன், என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். அவன் என்னிடம் பயின்றது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. கம்பைநல்லூர்ப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. வந்தவுடன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தான்.

“நாற்காலியில் உட்கார்” என்றேன்.

“உங்க முன்னாடி சேர்ல உக்காந்தா எனக்கு முதுகு வலிக்குமுங்கய்யா.”

“எப்போது வந்தாய்?”

“முந்தாநாளுங்க. முப்பது நாள் லீவு. ஊர்ப் பண்டிகைய முடிச்சிட்டுத்தான் போவேன்.” பிறகு சற்று நிமிர்ந்து, வந்த செய்தியைச் சொன்னான். “கம்பைநல்லூர்ல மண்டபம் பேசியாச்சுங்க. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம. லீவுல இருக்கற பசங்க, ரிட்டயர்டு ஆனவங்க, உங்ககிட்ட விழுந்து எந்திரிச்ச அத்தன பேரும் சேந்து உங்களுக்கு ஒரு மரியாத பண்றோம்.”

“நான் படைவீரன் அல்லனே.”

“அதுக்குத்தாங்க பண்றதே. ஊருக்கு வந்தா எங்களுக்கு யாரு யாரோ சால்வ போடறாங்க. நாங்க யாருக்காச்சும் போட வேணாங்களா?”

எனக்கு அது பொருந்தாது என்றேன். அது பணிவன்று, உண்மை. எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பார். ஆளெடுப்பில் அவர்கள் ஓடுவதையும் மார்பளவையும் பார்ப்பார்களே தவிர ஜூடோவைக் கேட்பதில்லை. அவ்விளைஞர்கள் தாமாகவே தார்ச்சாலையில் ஓடிப் பழகித் தாமாகவே தேர்ந்தார்கள். என் பயிற்சிக்கூடத்தில் விழுந்தெழுந்தது அவர்களுக்கு உபரி.

அவன் ஒப்பவில்லை. பனிமலைச் சாலையில் தங்கள் வண்டி சறுக்கிக் கவிழ்ந்த கதையைச் சொன்னான். பின்புறம் இருந்த ஐவரும் தூக்கி எறியப்பட்டார்கள். மூவருக்குக் கை முறிந்தது. “எனக்கு ஒண்ணும் ஆவலீங்க. அந்தரத்துல இருக்கறப்ப, ‘முடிச்சப் பாரு’ன்னு நீங்க கத்தறது கேட்டுச்சு. மோவாய ஒட்டிக்கிட்டேன். கை தானா அடிச்சுது. பனியில அடிச்சா சத்தமே வராதுங்க, தெரியுங்களா? நானா எந்திரிச்சு நின்னு, வூட்ட நெனைக்கல, உங்களத்தான் நெனச்சேன். பொண்டாட்டிகிட்ட சொல்லீராதீங்க.”

சிரித்தோம். அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். நான் கையை ஊன்றிவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவனிடம் சொன்னால் அன்று மாலைக்குள் அது கம்பைநல்லூர் முழுவதும் பரவி, மறுநாள் ஓசூருக்கும் எட்டும். விடைபெறும்போது அவன் எழுந்தான். நான் எழவில்லை. “உக்காருங்கய்யா, எனக்கெதுக்கு எந்திரிக்கிறீங்க” என்று அவனாகவே சொல்லிக்கொண்டு போனான். அவன் போனபின் அவன் குடித்த தேநீர்க் குவளையை மேசையில் அப்படியே நெடுநேரம் வைத்திருந்தேன்.

விழாவுக்கு மகளும் மருமகனும் ஓசூரிலிருந்து வந்தார்கள். அவள் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனாள். இறங்கும்போது கதவைப் பற்றி இறங்கினேன். அவள் என் காலைப் பார்த்தாளா என்று ஓரக்கண்ணால் கவனித்தேன். பார்க்கவில்லை.

மண்டபத்தின் வாயிலிலிருந்து மேடை வரை இரண்டு வரிசையாக நாற்பதுக்கு மேற்பட்டோர் நின்றார்கள். சாதாரண உடைதான். தலையில் மட்டும் தத்தம் படைப்பிரிவின் தொப்பி. பணியிலிருப்பவர்கள் இறுகிய உடலுடனும், ஓய்வு பெற்றவர்கள் சற்றே சரிந்த வயிற்றுடனும் நின்றார்கள். நான் நடக்க நடக்க இருபுறமும் கைகள் நெற்றிக்கு உயர்ந்தன. எனக்கு அந்த வணக்கத்தை எப்படித் திருப்புவதென்று தெரியவில்லை. எங்கள் கூடத்து முறைப்படி இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். அது என்னால் ஆகாது. கைகூப்பிக்கொண்டே நடந்தேன். வாயிலில் கட்டியிருந்த பதாகையில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன.

“பாத்துட்டீங்கன்னு தெரியுமுங்க” என்று அவில்தார் என் காதருகே சொன்னான். “பாக்காத மாதிரியே வந்துருங்க.”

சால்வை போர்த்தினார்கள். தேக்குப் பலகையில் பித்தளை வாள் பதித்த கேடயம் ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு வந்து பேசினார்கள். ஒருவன் ஆற்றில் விழுந்ததையும், இன்னொருவன் ஏணியிலிருந்து விழுந்ததையும், மற்றொருவன் தன் திருமணத்தன்று மேடையிலிருந்து விழுந்ததையும் சொன்னான். அவ்வளவு வீழ்ச்சிகளும் என் கணக்கில் எழுதப்பட்டன. நான் நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் என் மகள் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் வகுப்புக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது கேட்டாள். பெண்பிள்ளைகளுக்குத் தனிநேரம் ஒதுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி கேட்கவுமில்லை.

இறுதியில் திரையை விலக்கினார்கள். மேடையின் பின்பாதியில் எங்கள் கூடத்துப் பாய்கள் விரித்திருந்தன. என் மூத்த மாணவர்கள் காலையிலேயே வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். புளிவாடை மண்டபத்தில் பரவிற்று.

“ஐயா ஒரே ஒரு தடவ விழுந்து காட்டணுமுங்க” என்று அவில்தார் ஒலிவாங்கியில் சொன்னான். “இங்க நெறைய பேரு வூட்டுக்காரிங்க வந்திருக்காங்க. இவுரு என்னத்தடா சொல்லிக் குடுத்தாருன்னு கேக்கறாங்க. பாக்கட்டும்.”

கைதட்டல் எழுந்தது. மறுக்கலாம். மறுத்தால் ஏனென்று கேட்பார்கள். முன்வரிசையிலிருந்து ஒருத்தி கண்டிப்பாகக் கேட்பாள். விழுந்தால் எழ வேண்டும், எழுந்துவிட்டால் எதுவும் வெளியே தெரியாது. இரண்டையும் எடைபோட எனக்குக் கிடைத்தது, மேல்துண்டை எடுத்து நாற்காலியில் மடித்து வைக்கும் நேரம்தான். இடப்பக்கமாக விழுவதென்று முடிவு செய்தேன். வலி வலப்பக்கத்தில் இருந்தது.

நல்ல வீழ்ச்சி. பல ஆண்டுகளில் நான் விழுந்தவற்றுள் அதுவே திருத்தமானது என்று இன்றும் சொல்வேன். உள்ளங்கை பாயை அறைந்த ஓசை மண்டபத்தின் பின்சுவர் வரை போய்த் திரும்பியது. முன்னிலும் பலமாகக் கைதட்டினார்கள்.

அதற்குப் பின் வலக்காலை மடக்கினேன். இடுப்பில் எதுவோ பூட்டிக்கொண்டது.

இவ்விடத்தில் எங்கள் கூடத்து விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்புத் தொடங்கிய முதலாண்டில், விழுந்து கிடந்த ஒருவனை அவன் நண்பன் அன்பால் கைபிடித்துச் சட்டென்று இழுத்துத் தோள்மூட்டு நழுவிவிட்டது. அன்று முதல் விழுந்தவனுக்கு யாரும் கை கொடுக்கலாகாது என்று வைத்தேன். அவன் எத்தனை நேரம் கிடந்தாலும் மற்றவர்கள் இரு கைகளையும் முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு காத்து நிற்க வேண்டும். அதைப் பழக்குவதற்காக நானே விழுந்து கிடந்து, “கை கொடு” என்று நயந்து கேட்பேன். இரங்கிக் கை நீட்டியவனுக்கு இருபது தண்டால். ஒவ்வோராண்டும் புதிதாக வந்தவர்கள் அதில் சிக்குவார்கள். பழையவர்கள் பார்த்து மகிழ்வார்கள்.

ஆகவே நான் கிடந்தபோது, மேடைமீதும் கீழுமாக நாற்பதுக்கு மேற்பட்ட படைவீரர்கள் கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் கவலையில்லை. பெருமிதம் இருந்தது. மேல்விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். முன்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பிறகு ஒரு குரல், தணிந்து, மரியாதையாக.

“அக்கா, உக்காருங்க. கை குடுக்கக் கூடாதுங்க. ஐயா சட்டம்.”

“அவருக்கு எந்திரிக்க முடியல, தெரியலயா?”

“பாடம் எடுக்கறாருங்க. சித்த பாருங்க, தானா எந்திரிப்பாரு.”

மறுபடி முயன்றேன். முடியவில்லை. பின்கட்டில் கிடந்தபோது துவைகல்லாவது இருந்தது. இங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டடி தொலைவில் அவில்தார் நின்றான். அவனைப் பார்த்துச் சொன்னேன்.

“கை கொடு.”

அவன் முகம் மலர்ந்தது. “மாட்டனுங்கய்யா” என்றான். வரிசையில் சிரிப்பு ஓடிற்று. யாரோ ஒருவன், “இருவது தண்டாலுடா, ஏமாந்துராத” என்றான்.

“கை கொடு” என்று மறுபடியும் சொன்னேன்.

“பதினஞ்சு வருசம் ஆனாலும் ஞாபகம் இருக்குதுங்க.”

அவன்மீது எனக்குச் சினம் வரவில்லை. நான் கற்பித்ததை அவன் சற்றும் பிசகாமல் செய்துகொண்டிருந்தான். அவனை நம்பவைக்க என்னிடம் ஒரே வழிதான் இருந்தது. முப்பத்தோராண்டுகளில் என் மாணவர் எவரிடமும் பேசாத மொழியில், என் ஆத்தாளிடம் பேசிய மொழியில் பேசினேன்.

“சோதிக்கலடா. நெசமாலுமே எந்திரிக்க முடியல. போன மாசமே வூட்ல விழுந்துட்டன். தூக்கி உடு.”

ஒலிவாங்கி அருகில்தான் இருந்தது. அது எவ்வளவு தூரம் கேட்டதென்று எனக்குத் தெரியாது. அவில்தாரின் கைகள் முதுகிலிருந்து கீழிறங்கின. அவன் முகத்தில் இருந்ததைப் பார்க்க நான் விரும்பவில்லை. நால்வர் வந்து, காயம்பட்டவனைத் தூக்கும் முறையில், கைகளைக் கோத்து இருக்கையாக்கி என்னைத் தூக்கினார்கள். அவர்கள் அதில் மிகத் தேர்ந்தவர்கள். துளியும் வலிக்கவில்லை. பின்வரிசைகளில் அதையும் நிகழ்ச்சியின் பகுதி என்றெண்ணி மறுபடி கைதட்டினார்கள்.

மணமகள் அறையில் ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவில்தார் கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “ஐயா, வெளயாடறீங்கன்னு நெனச்சிட்டனுங்க” என்றான். நீ செய்தது சரிதான் என்றேன். அது அவனுக்கு ஆறுதலாகவில்லை. என் மகள் உள்ளே வந்ததும் அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கட்டில் விளிம்பில் அமர்ந்து கேட்டாள்.

“எப்பப்பா?”

சொன்னேன்.

“ஞாயித்துக்கெழமையா? நான் போன் பண்ணனே, அன்னிக்கா?”

“ஆம்.”

“கோயிலுக்குப் போனன்னு சொன்னீங்களே.”

“பொய்தான்” என்றேன்.

“எத்தன நேரம் கெடந்தீங்க?”

“மூன்று மணி நேரம் இருக்கும்.”

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு தடவ அடிச்சேன்ப்பா. எடுக்கல. எங்கயாச்சும் போயிருப்பாருன்னு வுட்டுட்டு இட்லி ஊத்தப் போயிட்டேன்” என்றாள். “பக்கத்து வூட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல.”

வெளியே பந்திக்கு அழைக்கும் ஓசை கேட்டது. அவள் நிபந்தனையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் வாய்திறவாதிருந்தால் அன்றிரவே மொரப்பூர் வீட்டில் கொண்டு விட்டுவிட்டு, நாள்தோறும் மூன்று முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் நான் எடுக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். அவளை அப்படி வைத்துவிட்டு நான் வகுப்புக்குப் போய் வருவதா என்று நினைத்தேன்.

“நாளை வீட்டைப் பூட்டிக்கொள்ளலாம்” என்றேன். “வண்டி இங்கேதானே இருக்கிறது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வகுப்பு?” என்றாள்.

“கிடங்குக்காரருக்கு இடம் தேவைப்படும். புளிப் பருவம் வருகிறது.”

மறுநாள் புறப்பட்டோம். மகள் ஓட்ட, முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்தவாறே வந்தேன். பாய்களைப் பக்கத்தூர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். விழாவுக்கு வந்த படைவீரர்கள் விடுப்பு முடிய முடிய ஒவ்வொருவராகத் தத்தம் இடங்களுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இங்கே ஓசூரில் நாங்கள் குடியிருப்பது ஏழாவது மாடியில். இடுப்பு நேராகிவிட்டது. விழிப்பு மட்டும் பழையபடி நாலரைக்கே வந்துவிடுகிறது. மகளும் மருமகனும் எழுந்துவிடக் கூடாதே என்று ஓசைப்படாமல் கூடத்தில் அமர்ந்திருப்பேன். எட்டரைக்கு இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாடிப்படிகளில் இறங்கி ஏறுவேன். மின்தூக்கிக்குக் காத்து நிற்பவர்கள் கன்னடத்தில் ஏதாவது கேட்பார்கள். பாதி விளங்கும். தலையசைப்பேன்.

போன வாரம் அவில்தார் அழைத்தான். அவன் இருக்குமிடத்தில் காற்று மிகுதி. பாதிச் சொற்கள் அதில் போய்விட்டன. இடுப்பு எப்படி இருக்கிறதென்று கேட்டான். அங்கே குளிர் எப்படி என்று நான் கேட்டேன்.

“பொழுது எப்பிடிங்கய்யா போவுது?”

“போகிறது” என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல இருந்தான்போலும். அதற்குள் அவனைக் காவலுக்கு அழைத்துவிட்டார்கள். கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். அப்போது காலை மணி ஒன்பது. மகள் வருவதற்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.